கோழிக்குப் பத்தியம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கோழி வளர்க்கும் பெண்களுக்குப் புத்தி சொல்வதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதுவரை நான் ஒரு கோழியைத் தொட்டதில்லை. எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து மூன்றாவது தெருவில், ஐந்து குடித்தனங்கள் இருந்த கட்டடத்தின் பின்போர்ஷன். முட்டை என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். ஆனால் விலங்கியலில் நான் முதல் வகுப்பு. தவளை, கரப்பான், மண்புழு மூன்றையும் அறுத்துப் படம் வரைந்து பாகம் குறித்தவள். கோழி என்பது கொஞ்சம் பெரிய கரப்பான், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் அலுவலகம் சைதாப்பேட்டையில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. மாதர் சங்கப் பெண்களுக்கு ஆளுக்கு ஐம்பது வெள்ளை லெகார்ன் இனக் கோழிக்குஞ்சுகள் கொடுப்பது திட்டம். குஞ்சு ஆறு வாரம் வளர்ந்த பிறகு கொடுப்போம். தீவனமும் எங்களுடையது. நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்து, பதிவேட்டில் 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் அடுத்த மூட்டைத் தீவனம் வராது. இருபத்து மூன்று வயதில் ஒருத்திக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் அவள் என்ன ஆவாளோ அதுவே நானும் ஆனேன்.

கூட்டங்களில் தினம் ஒரு முட்டை சாப்பிடுவதன் நன்மைகளை விளக்குவேன். ஒருமுறை வேளச்சேரியில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டார்: "நீங்க துன்னுவீங்களா?"

"நான் சாப்பிட மாட்டேன். நீங்க எல்லாரும் சாப்பிடணும்," என்றேன். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆதம்பாக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு பேருக்குக் குஞ்சு கொடுத்திருந்தோம். ஒருவர் தெருமுனை வீட்டுக் கீரைக்காரம்மா. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்பவர், வயது ஐம்பது இருக்கும், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அது எனக்குப் பிடிக்காது. இன்னொருவருக்கு முப்பத்து மூன்று வயது இருக்கலாம். கணவன் வீட்டில் அடி தாங்காமல் வந்து அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்கு ஓர் அச்சகத்தில் பைண்டர் வேலை. நான்கு பிள்ளைகள், ஒன்றரை அறை வீடு. அண்ணி வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவார்.

அந்த அண்ணன் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். கோழி நிலைத்து முட்டையிட ஆரம்பித்தால், கொல்லையில் இருக்கும் சாமான் அறையைத் தங்கை தனக்கென்று எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் தி. நகரில் ஏதாவது பெரிய வீட்டில் தங்கி வேலை செய்யப் போக வேண்டும். இதைக் குஞ்சு வாங்கிய அன்றைக்கே அந்தத் தங்கை என்னிடம் சொன்னார்.

"கோயி நின்னாதான் நானும் நிப்பேன் டீச்சர். இல்லாங்காட்டி தங்கி வேலைதான். கண்ணத் தொறந்தா அடுத்தவங்க வூடு, கண்ண மூடினா அடுத்தவங்க வூடு."

"நான் சொல்றபடி செய். கோழி நிக்கும்," என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'நீங்க' என்றார். இது இப்படித்தான் இருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சொன்னபடி அவர் செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் கஷ்டமே. தண்ணீர்ச் சட்டியை இரண்டு வேளை கழுவு என்றால் மூன்று வேளை கழுவுவார். கொட்டகை வாசலில் சுண்ணாம்பு போடு என்றால் அதன்மேல் ஒரு கோலமும் இருக்கும். கீரைக்காரம்மா நேர் எதிர். நான் பேசும்போது முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டே இருப்பார். தண்டையும் பழுத்த இலையையும் கோழிகளுக்கு வீசுவார். தரையில் ஒரு சாண் உயரத்துக்கு உமி. கோழிகள் அதைக் கிளறித் தின்றபடியே இருக்கும்.

முதல் மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டோம். போட்ட மறுநாள் அண்ணன் வீட்டுக் குஞ்சுகளுக்குக் கொஞ்சம் பேதி. இரண்டு நாளில் தானாக நின்றிருக்கும். எனக்கு அது தெரியாது. பயிற்சியின்போது கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். நார்ப்பொருள் கோழிக்குச் செரிப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். செரிக்காத பொருளை வயிற்றுக்குள் போட்டால் பேதி ஆகாமல் என்ன ஆகும்? இவ்வளவு எளிய விஷயம் யாருக்குமே தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இருந்தாலும் வயிற்று விஷயத்தில் எங்கள் வீட்டில் அம்மாவைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அன்று சாயங்காலம் அவள் அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஆரம்பித்தேன்.

"அம்மா, வயித்தாலே போனா என்ன குடுக்கணும்?"

"யாருக்கு?"

"ஆதம்பாக்கத்துல ஒரு குழந்தைக்கு."

"எத்தனை மாசம்?"

"ஆறு வாரம். இல்லை, இப்போ பத்து இருக்கும்."

அம்மா உலக்கையை நிறுத்தினாள். "பத்து வாரக் குழந்தைக்கு வேற என்னத்தைக் குடுப்பா? தாய்ப்பால்தான். அம்மாக்காரி எங்கே?"

"அது அம்மாவையே பார்த்ததில்லை," என்றேன். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு. அந்த அளவில் அது உண்மைதான்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பளத்தை விட்டு எழுந்து வந்தாள். பத்தியம் முழுவதையும் சொன்னாள். சக்கை என்று ஒன்று உள்ளே போகக் கூடாது. அரிசி நொய்யை நன்றாகக் குழைய வேகவைத்துக் கஞ்சி. எது கொடுத்தாலும் சலித்துக் கொடுக்க வேண்டும், முடிந்தால் மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்து கொடுக்க வேண்டும். கீரை கண்ணில் படக் கூடாது. "நல்ல சல்லடையா இருக்குமோ அவாத்துல? இதை எடுத்துண்டு போ," என்று தன்னுடைய பித்தளைச் சல்லடையையே கொடுத்துவிட்டாள். அதில் மைதா மாவே தயங்கித் தயங்கித்தான் இறங்கும்.

மறுநாள் ஆதம்பாக்கத்தில் பத்தியம் தொடங்கியது. தீவன மூட்டையில் மக்காச்சோள உடைப்பு, கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், நிறையத் தவிடு எல்லாம் கலந்திருக்கும். அதை இடித்துச் சலிக்கச் சொன்னேன். தவிடும் தோலும் மேலே நின்றன. அதைக் கொட்டிவிடச் சொன்னேன். அடியில் விழுந்த மாவை நொய்க்கஞ்சியில் பிசைந்து வைக்கச் சொன்னேன். கீரை அறவே கூடாது. உமியையும் கொத்தித் தின்கின்றன, ஆகவே உமியை வாரிவிட்டு, அண்ணன் அச்சகத்திலிருந்து கொண்டுவரும் வெட்டுக் காகிதத்தைத் தரையில் விரித்துத் தினம் மாற்றச் சொன்னேன். தங்கை அந்தச் சல்லடையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"சரி டீச்சர்," என்றார்.

கீரைக்காரம்மாவிடமும் இதையே சொல்லப் போனேன். அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா சொல்றே? கோயி வவுத்துக்குள்ள ஒரு மில்லு கீது. கல்லத் துன்னு, உமியத் துன்னு அது அரைச்சிக்கினே இருக்கும். நீ மாவா அரைச்சிக் குடுத்தா அந்த மில்லு இன்னா பண்ணும்? தூங்கிடும்."

அந்த மில்லுக்கு அரைவைப் பை என்று பெயர், அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தை நான் படித்திருக்கிறேன், உங்களுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று ஒப்புக்கொண்டு அவர் மறுபடி கீரை ஆய ஆரம்பித்தார். நான் பதிவேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

பேதி நின்றது. நிற்கத்தான் போகிறது, எப்படியும் நின்றிருக்கும். நான் அதைப் பத்தியத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, அதையே முழுநேர உணவாக்கிவிட்டேன். அடுத்த இரண்டு மாதமும் அந்தக் கோழிகளைப் பார்க்கக் கண் கொள்ளாது. தும்பைப் பூ நிறம், மளமளவென்று வளர்ச்சி, எச்சம்கூட அளவாக, ஒழுங்காக. மாதர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தங்கையை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மாவைப் பார்த்தபடி, சொன்ன பேச்சைக் கேட்பவர்கள்தான் முன்னுக்கு வருவார்கள் என்றேன். அவரும் கைதட்டினார். அண்ணன் சாமான் அறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டார். அறைக்கு ஒரு தாழ்ப்பாள்கூட வந்துவிட்டது. அதைத் தங்கை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினார்.

கோழிகள் ஒன்றின் வாலை ஒன்று கொத்திப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்திருந்தன. காகிதத்தையும் கிழித்துத் தின்றன. நார் எங்கே கிடைக்கும் என்று அவை தேடிக்கொண்டிருந்தன. நான் அதைச் 'சுறுசுறுப்பு' என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரி ஏரி நிரம்பி, ஆதம்பாக்கம் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நான்கு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்குள் கோழிகள் கண்ணை மூடித் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றன. காகிதம் முழுக்க ரத்தம். ரத்தக்கழிச்சல். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தோம். அது வேலை செய்வதற்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரு வாரத்தில் ஆறு கோழிகள் மிஞ்சின. அவர் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. காகிதம் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் எங்கனா தப்பு பண்ட்டேனா டீச்சர்? சல்லட ஈரமா இருந்திச்சா?" என்று கேட்டார்.

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

செத்த கோழி ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் புடவைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் தெரு மாமி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையைப் பார்த்து, "தீபாவளிக்கா? என்ன கலர்?" என்றாள். "வெள்ளை," என்றேன். பிரித்துக் காட்டச் சொல்வதற்குள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தேன்.

மருத்துவர் நிதானமான மனிதர். கோழியை அறுத்து, அரைவைப் பையை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். கெட்டியாக, ஒரு சிறிய கூழாங்கல்லைப் போல இருக்க வேண்டியது. நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கியது. குடலைத் திறந்தார். சுவர் காகிதம்போல மெலிந்து கிடந்தது.

"என்ன குடுத்தீங்க இதுக்கு? ரவா கஞ்சியா?"

"நொய்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மழைக்கு இந்த நோய் எல்லாக் கொட்டகையிலயும்தான் வரும். குடல் உரமா இருந்தா கோழி தாங்கிக்கும். தவிடு, உமி, தழைன்னு ஏதாவது முரடா உள்ளே போயிட்டே இருந்தாத்தான் குடல் உரமா இருக்கும். இதுக்கு வேலையே குடுக்காம வெச்சிருந்திருக்கீங்க. நோய் வந்து தட்டினதும் கதவே இல்லை."

அவர் அனுபவத்தில் சொன்னதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் விவரமாகப் படித்தேன். முரட்டு நாரை அரைத்து அரைத்துத்தான் அரைவைப் பை பலம் பெறுகிறது. அது பலமாக இருந்தால் தீவனத்தோடு வரும் கிருமிகளில் பல அங்கேயே அமிலத்தில் அடிபட்டுப் போகின்றன. மிருதுவான நார் குடலின் கடைசிவரை போய் அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகிறது. அவை திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டுதான் குடல்சுவர் தன்னைக் கட்டிக்கொள்கிறது. கோழியின் நோயெதிர்ப்புப் படையில் பெரும்பகுதி அந்தச் சுவரோரமாகத்தான் காவல் நிற்கிறது. கோழிக்குச் செரிக்கவில்லையே என்று நான் கொட்டச் சொன்னது, அந்தப் படைக்குப் போக வேண்டிய சோறு. அதற்காக உமியை மட்டும் போட்டும் வளர்க்க முடியாது. அளவு மீறினால் குஞ்சின் வயிறு நிரம்பும், உடம்பு வைக்காது. இந்த அளவு கீரைக்காரம்மாவுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. அந்த மழையில் அவருடைய கோழிகளுக்கும் நோய் வந்தது. இரண்டு செத்தன. மற்றவை நான்கு நாள் வாடி நின்றுவிட்டு மறுபடி உமியைக் கிளறப் போய்விட்டன.

இனி எழுதப்போவதைத் தமாஷாக எழுத எனக்கு வராது. அலுவலகத்தில் இறப்பு அறிக்கை என்று ஒரு படிவம் இருந்தது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எனக்குக் காரணம் தெரியும். மருத்துவர் அதை உள்ளங்கையில் வைத்தே காட்டியிருந்தார். ஆனால் நான் தற்காலிக ஊழியர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'கொட்டகையில் ஈரம், பராமரிப்புக் குறைவு' என்று எழுதினேன். மழை பெய்தது, ஈரம் இருந்தது, ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பராமரிப்புக் குறைவு என்று எழுதினால் அந்தப் பயனாளிக்கு மறுபடி குஞ்சு கிடையாது என்ற விதி எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மூன்று வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு கீரைக்காரம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய கோழிகள் முட்டையிட ஆரம்பித்திருந்தன. அவர் எனக்கு உட்கார முக்காலி போட்டார்.

"அது போய்டிச்சி பாப்பா. டி. நகர்ல தங்கி வேலை. ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்திச்சி இல்ல, சரியா பாத்துக்கலன்னு. அண்ணங்காரன் படிச்சிட்டு இன்னா கோவம். அது எதுத்து ஒரு வார்த்த பேசல. 'ஆமா, நான்தான் சரியா பாத்துக்கல'ன்னுச்சி."

கொல்லை வேலிக்கு அப்பால் அண்ணன் வீட்டுச் சாமான் அறை திறந்து கிடந்தது. மறுபடி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் கால் கழுவும்போது அம்மா கேட்டாள், "அந்தக் குழந்தை எப்படிடி இருக்கு? நாளாச்சே, ஒண்ணும் சொல்லலியே." எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழி என்று சொன்னேன். ஐம்பது கோழி என்றும், என்ன செய்தேன் என்றும், படிவத்தில் என்ன எழுதினேன் என்றும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் சல்லடைக்காகத்தான் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் ஈரக் காலோடு நின்ற என்னை உட்கார வைத்தாள்.

"கோழி குப்பையைக் கிளறித் திங்கற ஜந்து. அதுக்குப் போயி யாராவது பத்தியம் போடுவாளா? கோழின்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள். வாழ்நாளில் கோழியை மூன்று கஜ தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தவள் அவள். கால் துடைக்கத் துணியை நீட்டியபடி, "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? நாளைக்கே போய் மாத்தி எழுதிக் குடு. வேலை போனா போறது," என்றாள்.

மறுநாள் சூபர்வைசரிடம் இரண்டாவது அறிக்கை கொடுத்தேன். தீவனத்தில் தவிட்டை நீக்கச் சொன்னதும், கீரையை நிறுத்தியதும், உமியை வாரச் சொன்னதும் நானே என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு அறிக்கைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் உன் கையெழுத்துதான் இருக்கு. எதைம்மா நான் நம்பறது?"

"ரெண்டாவதை சார்."

"முதல்ல எழுதினப்பவும் இப்படித்தானே நின்னே?"

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். ஆதம்பாக்கத்துக்குப் புதிதாக ஐம்பது குஞ்சுக்கு உத்தரவும் போட்டார். மெமோவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு தி. நகருக்குப் போனேன்.

விலாசம் அண்ணன் கொடுத்தது. பெரிய வீடு. பின்பக்கம் வரச் சொன்னார்கள். வந்த வழியெல்லாம் நான் தயார் செய்திருந்த பேச்சு அழகாக இருந்தது. அவர் துவைக்கும் கல்லடியிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்ததும் அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. தப்பு என்னுடையது, கடிதத்தில் எழுதியது பொய், அண்ணனிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், புதுக் குஞ்சுக்கு உத்தரவு வாங்கிவிட்டேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அப்போதுதான் முதல்முறையாக அவரை 'நீங்க' என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உமிய எடுக்காம இருந்திருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"நிறையப் பிழைச்சிருக்கும்."

"தெரியும்," என்றார். "நீங்க சல்லட குடுத்த அன்னிக்கே தெரியும். எங்க ஆத்தா வூட்டுல கோயி வளத்தவங்கதான். மாவத் துன்னு எந்தக் கோயி பொழச்சிது?"

"அப்புறம் ஏன் செஞ்சீங்க?"

"நீங்க கையெயுத்து போட்டாதான மூட்ட வரும்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வந்துக்கினே கீறேன்மா," என்று குரல் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த உத்தரவை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"குஞ்சு வாங்கிக்கிறேன். மாசம் முடிஞ்சதும் கணக்குத் தீத்துக்கினு வந்துர்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"சொல்லுங்க."

"நீங்க வராதீங்க."

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்பது விதி. பார்வையிடாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கைப்பையில் ஒரு மெமோ ஏற்கெனவே இருந்தது. சரி என்றேன்.

அடுத்த ஒன்றரை ஆண்டும் அந்த வீட்டின் பெயருக்கு நேராகப் 'பார்வையிட்டேன்' என்று பொய் எழுதி, ஒருமுறைகூடத் தவறாமல் கையெழுத்துப் போட்டேன். தீவன மூட்டைகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. தை பிறந்து, மாசி போய், சித்திரையில் ஒருநாள் கீரைக்காரம்மா வீட்டுக் கொல்லையில் நின்றபோது அண்ணன் வீட்டுக் கொல்லையிலிருந்து கோழிகள் முட்டையிட்டுக் கத்தும் சத்தம் கேட்டது. சாமான் அறை வாசலில் ஒரு மூட்டை உமி அவிழ்ந்து கிடந்தது. வெளியே பூட்டு இல்லை, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. போய்த் தட்டிப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அந்தத் திட்டத்தில் நான் செய்த உருப்படியான வேலை, அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததுதான்.